யாருக்கும் தாய்மொழி இல்லாத மொழி

- மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை

"வி.ஐ. எடிட்டரில் கர்சரை இடப்பக்கம் நகர்த்தும் கீ எது?"

வைவாவில் தவறாமல் வருகிற கேள்வி இது. "எச், சார்" என்று சொன்னால் மார்க் விழுந்துவிடும். அதே மாணவனை மெஷின் முன்னால் உட்கார வைத்து, "தம்பி, நாலு எழுத்து இடப்பக்கம் போ" என்று சொல்லிப் பாருங்கள். கை நேராக ஆரோ கீயைத் தேடிப் போகும். வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. தோழர்களே, வாய்க்கும் கைக்கும் நடுவே உள்ள இந்த ஒரு முழம் தூரத்தைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத நினைத்தேன்.

நம் ரெக்கார்டு நோட்டில் வி.ஐ. கட்டளைகள் எப்படி இருக்கின்றன? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு பத்தி. இடப்பக்கம் கட்டளை, வலப்பக்கம் பயன். முப்பது நாற்பது வரி. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர், அவரைப் பார்த்து அவருக்கு ஜூனியர் என்று வாழையடி வாழையாக வந்து கொண்டிருக்கிறது. "எக்ஸ் - ஓர் எழுத்தை அழிக்கும். டி டி - ஒரு வரியை அழிக்கும். ஒய் ஒய் - ஒரு வரியை நகல் எடுக்கும்." செய்யுள் மனப்பாடம் மாதிரி ராகம் போட்டுப் படிப்பவர்களை ஹாஸ்டல் வராந்தாவில் பார்த்திருக்கிறேன். பரீட்சை முடிந்த மறுநாள் எல்லாம் காற்றோடு போச்சு.

போகட்டும், பாதி சிலபஸ் அப்படித்தானே போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால் இதை மட்டும் விட மனசு வரவில்லை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல், இங்கே வந்து முதன்முதலாக கீபோர்டில் கை வைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்களுக்கு, எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகிற இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த எடிட்டர்தான். இது என் கட்சி.

அதெப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பவர் யூனிக்ஸுக்காக 'ஈ.டி.' என்று ஓர் எடிட்டர் எழுதினார். அப்போது பலருக்குத் திரையே கிடையாது. டெலிபிரிண்டர் மாதிரி காகிதத்தில் அடித்துத் தள்ளும் மெஷின்தான். எந்த வரி வேண்டுமோ அதன் நம்பரைச் சொன்னால் அந்த வரியை மட்டும் அச்சடித்துக் காட்டும். தப்பாக ஏதாவது அடித்தால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தப்பு என்று சொல்லாது! (நம் சில ஆசிரியர்களை நினைத்துக் கொண்டால் நான் பொறுப்பல்ல.)

பிறகு 1976-ல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் என்ற மேற்பட்டப் படிப்பு மாணவர். வயது 21, 22 இருக்கும். அதாவது நம்மை விட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர். லண்டனிலிருந்து வந்த ஜார்ஜ் குலூரிஸ் என்ற ஆசிரியர், ஈ.டி.யை மாற்றி 'ஈ.எம்.' என்று தான் எழுதியதை அவருக்குக் காட்டினார். 'சாதாரண மனிதர்களுக்கான எடிட்டர்' என்பது அந்தப் பெயரின் விரிவு. அதைப் பார்த்த பிறகு ஜாய் 'எக்ஸ்' என்ற எடிட்டரை எழுதினார். அதையே திரையில் முழுப்பக்கமாகப் பார்த்துத் திருத்தும் வகைக்கு 'விஷுவல்' என்று பெயர் வைத்தார்கள். அதன் முதல் இரண்டு எழுத்துகள்தான் வி.ஐ. பின்னாளில், 1982-ல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியைத் தொடங்கியவர்களில் இதே பில் ஜாயும் ஒருவர்.

அவர் வேலை செய்த டெர்மினலின் பெயர் ஏ.டி.எம். 3ஏ. லியர் சீக்லர் என்ற கம்பெனியின் தயாரிப்பு. தோழர்களே, இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தக் கீபோர்டில் ஆரோ கீ என்று தனியாக எதுவும் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு கீகளின் மேலேயே அம்புக்குறி வரைந்திருந்தார்கள்! எச் இடது, ஜே கீழ், கே மேல், எல் வலது. எஸ்கேப் கீ எங்கே தெரியுமா? இன்றைக்கு நம் கீபோர்டில் டேப் இருக்கிறதே, அந்த இடத்தில். சுண்டு விரலை லேசாக நீட்டினால் போதும். ஆகவே பில் ஜாய் யாரையும் குழப்ப வேண்டும் என்று எச்சையும் ஜேயையும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் எதிரில் இருந்த மெஷினில் அம்பு அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அவர் மோடத்தின் வேகம் 300 பாட். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்று திரை நிறைய வேண்டுமானால் 1,920 எழுத்து. 30-ஆல் வகுத்துப் பாருங்கள், 64 நொடி! ஒரு திரை வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும் என்றால், மனுஷன் ஒவ்வொரு கீயையும் கணக்குப் பார்த்துத்தானே அழுத்துவான்? கட்டளைகளெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்தாக இருப்பதற்குக் காரணம் இந்த வறுமைதான். பஸ்ஸுக்குக் காசு எண்ணி வைத்திருப்பவனுக்கு இந்தச் சிக்கனம் எளிதில் புரியும்.

வறுமையில் பிறந்தது இன்றும் ஏன் இருக்கிறது? நான் சொல்ல விரும்பிய முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். அது பட்டியல் இல்லை, மொழி. பட்டியலாகப் படித்தால் பாரம், மொழியாகப் படித்தால் சுகம்.

'டி' என்றால் அழி. 'சி' என்றால் அழித்துவிட்டு வேறு எழுது. 'ஒய்' என்றால் நகல் எடு. மூன்றும் வினைச்சொற்கள். 'டபிள்யூ' என்றால் அடுத்த சொல் வரை. டாலர் குறி என்றால் வரியின் கடைசி வரை. பூஜ்யம் என்றால் வரியின் முதல் வரை. பெரிய ஜி என்றால் ஃபைலின் கடைசி வரை. வலப்பக்க நெளிவு அடைப்பு என்றால் பத்தி முடியும் வரை. இவையெல்லாம் எது வரை என்று சொல்கிற சொற்கள். இப்போது சேர்த்துப் பாருங்கள். டி, டபிள்யூ - சொல்லை அழி. சி, டபிள்யூ - சொல்லை மாற்று. ஒய், பெரிய ஜி - இங்கிருந்து கடைசி வரை நகல் எடு. டி, டாலர் - வரியின் மிச்சத்தை அழி. ரெக்கார்டில் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக எழுதியிருக்கிறதே, அது ஏன்? மூன்று வினையும் பத்து இடச்சொல்லும் தெரிந்தால் கற்றுக் கொண்டது 13, கையில் இருப்பது 30 கட்டளை. நாளைக்கு ஒரு புது வினை கற்றால் ஒரே அடியில் இன்னும் பத்து சேரும். முன்னால் 3 போட்டால் மூன்று தடவை. புள்ளி வைத்தால், கடைசியாகச் செய்த திருத்தத்தை மறுபடியும் செய்யும். அந்தப் புள்ளிக்கு மட்டுமே தனிக் கட்டுரை எழுதலாம்!

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். 'சி' புரோகிராமை கம்பைல் செய்கிறோம். 17-வது வரியில் செமிகோலன் விட்டுப் போயிருக்கிறது என்று எரர் வருகிறது. மவுஸ்காரர் ஸ்க்ரோல் செய்து, வரியைத் தேடி, கடைசியில் கிளிக் செய்து, செமிகோலன் போடுவார். வி.ஐ.யில் 1, 7, பெரிய ஜி - 17-வது வரிக்குப் போயாச்சு. பெரிய ஏ - வரியின் கடைசிக்குப் போய் எழுதத் தயார். செமிகோலன். எஸ்கேப். ஆறே கீ. இதை எந்தப் பட்டியலிலும் ஒரே வரியாகப் பார்க்க முடியாது. வாக்கியத்தை நாமேதான் அமைக்க வேண்டும். பேசத் தெரிந்தவனுக்கு யாராவது வாக்கியப் பட்டியல் கொடுப்பார்களா என்ன?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வி.ஐ.யில் வினை முன்னால் வருகிறது: 'அழி, சொல்லை'. ஆங்கில வாக்கிய அமைப்பு. தமிழில் நாம் 'சொல்லை அழி' என்போம், வினை கடைசியில்தான் வரும். இதே சிந்தனையில் பின்னாளில் வந்த 'ககூன்', 'ஹீலிக்ஸ்' என்ற எடிட்டர்களில் முதலில் சொல்லைத் தேர்ந்து கொண்டு, பிறகு அழி என்று சொல்ல வேண்டும். எழுதியவர்கள் தமிழை நினைத்து எழுதவில்லைதான். ஆனாலும் நம் இலக்கணத்துக்குப் பொருந்தி வருவதைப் பார்க்கையில் ஒரு சந்தோஷம்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். நம் லேபில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த இரண்டு பேரில் கீபோர்டில் கை வைப்பது யார், அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவது யார் என்று என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் தானாகவே மவுஸ் பக்கம் உட்காருவான். மற்றவன் நோட்டோடு ஓரமாக உட்காருவான். யாரும் சண்டை போட்டு இடம் பிடிப்பதில்லை, அப்படி அமைந்துவிடுகிறது. அவன் கெட்டவனும் இல்லை. சின்ன வயதிலிருந்து பழகிய கை, சடசடவென்று வேலை நடக்கிறது. நேரத்தில் முடித்து சைன் வாங்க வேண்டுமே! செமஸ்டர் முடியும்போது ஒருவனுக்குக் கை பழகியிருக்கும், இன்னொருவனுக்குக் கையெழுத்து நன்றாகியிருக்கும்.

வி.ஐ. திறந்த முதல் நாள் மட்டும் இந்தக் கணக்கு உடைகிறது. மவுஸ் வேலை செய்யாது. மெனு கிடையாது. எழுத்தை அடித்தால் எழுத்து வராமல் வேறு ஏதோ நடக்கிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவனும் முழிக்கிறான், இல்லாதவனும் முழிக்கிறான். இங்கிலீஷ் மீடியமும் முழிக்கிறது! 'ஒய்' என்பது 'யாங்க்' என்ற சொல்லின் முதலெழுத்து. வெடுக்கென்று இழுப்பது என்று அதற்கு அர்த்தம். நகல் எடுப்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கான்வென்ட்டில் படித்தவருக்கும் உடனே விளங்காது. எச், ஜே, கே, எல் யாருக்கும் தாய்மொழி இல்லை. யார் வீட்டு ஹாலிலும் இதைப் பேசுவதில்லை. ஆகவே இங்கே முந்துவது யார் என்றால், யார் அதிக நேரம் கை வைத்தார்களோ அவர்கள். வேறு எந்தத் தகுதியும் கேட்காத இடம் படிப்பில் எத்தனை இருக்கிறது? விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஒன்றைப் போய் மனப்பாடப் பகுதியாக்கி, மறுபடியும் நோட்டு எழுதுகிறவனை நோட்டு எழுத வைத்துவிட்டோமே என்பதுதான் என் ஆதங்கம்.

கை என்றதும் எங்க அப்பா ஞாபகம் வருகிறது. தறி ஓட்டுகிறார். இழை அறுந்தால் அவர் முடிச்சுப் போடுவதைக் கண்ணால் பின்தொடர முடியாது. "எப்படிப்பா போட்டீங்க?" என்று கேட்டால், "இப்படித்தான்டா" என்று இன்னொன்று போட்டுக் காட்டுவார். வார்த்தையில் சொல்லத் தெரியாது. அவருக்கு வைவா வைத்தால் ஃபெயில்தான். தறியில் நிறுத்தினால் டிஸ்டிங்ஷன். நம் நிலைமை இதற்கு நேர் தலைகீழ்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். முதல் வாரம் முழுக்க என்ன அடித்தோம்? இடக்கைக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்'. வலக்கைக்கு 'செமிகோலன் எல் கே ஜே எச் ஜே'. கவனித்தீர்களா? எல், கே, ஜே, எச்! நாம் ஹோம் ரோ என்று சொல்லிப் பழகிய அதே நான்கு கீகள். லோயர் பாஸ் செய்தவரின் வலக்கை ஏற்கெனவே வி.ஐ.யின் அம்புக் கீகள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் லேபில் யாரும் அவரிடம் இதைச் சொல்வதில்லை. டைப்ரைட்டிங் மாஸ்டர் யாராவது எங்களுக்கு 'ஏ என்ற கீ இடக்கைச் சுண்டு விரலுக்கு உரியது' என்று நோட்டில் பத்துத் தடவை எழுத வைத்தாரா? இல்லையே. மெஷினில் உட்கார வைத்தார், அடி என்றார். அந்த மெஷின்களில் பாதிக்கு எங்களை விட வயது அதிகம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். "மைக்ரோசாஃப்டின் வி.எஸ். கோட் இலவசமாகக் கிடைக்குது. கலர் கலரா இருக்கு. இதை ஏன்டா கட்டி அழறே?" நியாயமான கேள்வி. நானும் பெரிய புராஜெக்டுக்கு அதைத்தான் திறக்கிறேன். "சின்ன வேலைக்கு நானோ எடிட்டர் போதுமே, கீழேயே என்ன அழுத்தணும்னு எழுதியிருக்கே?" அதுவும் சரிதான். நானோ நல்ல எடிட்டர், அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

ஆனால் நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் மெஷின் எதிரில் இருக்காது. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும். நமக்குக் கிடைப்பது எஸ்.எஸ்.எச். வழியாக ஒரு கறுப்புத் திரை. அதில் நானோ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வி.ஐ. அநேகமாக இருக்கும். யூனிக்ஸ் இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிர்ணயத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது. சின்னச் சின்னக் கருவிகளில் போடுகிற பிஸிபாக்ஸ் தொகுப்பிலும் ஒரு குட்டி வி.ஐ. உண்டு. சூடோ அனுமதிகளைத் திருத்தும் கட்டளைக்கு 'விசூடோ' என்றே பெயர். கிட்டில் கமிட் செய்யும்போது, வேறு எடிட்டர் எதையும் நாம் சொல்லி வைக்காவிட்டால், பல மெஷின்களில் வந்து நிற்பது வி.ஐ.தான். அப்புறம், 'கிரெப்' படிக்கிறோமே, அந்தப் பெயரே பழைய ஈ.டி. எடிட்டரின் ஒரு கட்டளையிலிருந்து வந்தது. 'செட்' கட்டளையில் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல் போடும் முறையும் வி.ஐ.யில் கோலன் போட்டுச் செய்யும் முறையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றைப் பிடித்தால் மூன்று வருகிறது.

"ஏ.ஐ. எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துடும்" என்பவர்கள் இந்த ஆண்டு அதிகமாகிவிட்டார்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. அது கொடுத்த நூறு வரியில் எந்த வரி உதைக்கிறது என்று தேடிப் போய்த் திருத்துகிற வேலை இன்னும் நம் தலையில்தான் இருக்கிறது. தேடிப் போக வழி தெரிய வேண்டாமா?

அதே சமயம் இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வி.ஐ. கற்றுக் கொண்டதும் சிலருக்குக் கொம்பு முளைத்துவிடுகிறது. மவுஸ் தொட்டால் தீட்டு என்பது போலப் பேசுகிறார்கள். ஜூனியர் வந்து, "அண்ணா, இதிலிருந்து எப்படி வெளியே வர்றது?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். எஸ்கேப் அழுத்தி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர் என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? (சேமிக்காமல் வெளியே வர இது. சேமித்துவிட்டு வர, கோலன், டபிள்யூ, க்யூ.) இந்த எடிட்டரால் நம் வேலை பத்து மடங்கு வேகமாகும் என்பதும் பேச்சுதான். புரோகிராம் எழுதுவதில் முக்கால்வாசி நேரம் யோசிக்கிற நேரம். விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் யோசனை அதன் வேகத்தில்தான் ஓடும். வி.ஐ.யால் கிடைப்பது வேகம் அல்ல என்று நினைக்கிறேன். எந்த மெஷினில் உட்கார வைத்தாலும் கை தயங்காது என்கிற தைரியம். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு இன்டர்வியூ அறையில் அந்தத் தைரியத்தின் விலை தெரியும்.

நம்மில் பலர் இன்று உபயோகிப்பது பழைய வி.ஐ.யே அல்ல, 'விம்'. பெயரைக் கேட்டதும் எங்க வீட்டில், "பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் பத்தியா காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" என்று அம்மா கேட்டார். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த பிராம் மூலனார் 1988-ல் தன் அமிகா கம்ப்யூட்டருக்காக இதை எழுதத் தொடங்கினார். 1991-ல் வெளியிட்டார். காசு கேட்கவில்லை. உகாண்டா நாட்டில் கிபாலே என்ற ஊரில் ஏழைக் குழந்தைகளுக்காக நடக்கும் திட்டத்துக்கு, முடிந்தால் உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 1994-ல் அங்கேயே போய் குடிநீர், சுகாதார வேலைகளில் தொண்டு செய்தவர் அவர். ஃபைல் பெயர் கொடுக்காமல் விம்மைத் திறந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் ஒரு வரியைப் பல மெஷின்களில் இன்றும் பார்க்கலாம். நாமெல்லாம் அதைப் படிக்காமலேயே அடுத்த கீயை அழுத்துகிறோம். 2023 ஆகஸ்ட் 3 அன்று அவர் இறந்துவிட்டார். வயது 62.

சரி, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவன் எங்கே பழகுவது? நான் பழகுவது செல்போனில். டெர்மக்ஸ் என்ற ஆப் இருக்கிறது. அதில் விம்மை இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். எஸ்கேப், கன்ட்ரோல் கீகளைக் கீபோர்டுக்கு மேலே ஒரு வரிசையாக அதுவே காட்டும். கலர் மெனுவும் மவுஸும் வேண்டுகிற எடிட்டர்கள் இந்தச் சின்னத் திரையில் திணறும். எழுத்தையே கட்டளையாகக் கொண்ட விம் திணறுவதில்லை. 1976-ன் வறுமைக்காகச் செய்தது இன்றைய நம் வறுமைக்கும் பொருந்துகிறது! நான் தினமும் பஸ்ஸில் வரும்போது கால் மணி நேரம் இதில் செலவிடுகிறேன். பக்கத்து சீட்டுக்காரர் மெசேஜ் அனுப்புவதாக நினைத்துக் கொள்வார்.

லேபில் நேரம் கிடைத்தால் 'விம்டியூட்டர்' என்று டைப் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு பாடம் திறக்கும். படிக்கிற பாடம் இல்லை. அந்தப் பாடத்தின் வரிகளையே திருத்தித் திருத்திக் கற்றுக் கொள்வது. அரை மணி நேரம் போல ஆகும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எனக்குச் சற்றுக் கூடவே ஆயிற்று, டிக்ஷனரி பார்க்க வேண்டியிருந்ததால்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழ்99 கீபோர்டைப் போட்டுக் கொண்டு விம்மில் தமிழ் எழுதிவிட்டு எஸ்கேப் அழுத்தி, கீழே போக ஜே அழுத்தினால் போகாது. ஏனென்றால் அந்தக் கீயில் இப்போது 'ப' இருக்கிறது. எச் - க, ஜே - ப, கே - ம, எல் - த. நான்கும் வலக்கையின் ஹோம் ரோவில் அடுத்தடுத்து இருக்கின்றன. 1999-ல் நம் அரசு ஏற்றுக் கொண்ட கீபோர்டு அது. இதற்கு விம்மிலேயே வழி உண்டு. 'கீமேப்' என்று ஒரு ஃபைல் கொடுத்துவிட்டால் எழுதும்போது மட்டும் தமிழ் வரும், கட்டளைக்கு வந்ததும் பழையபடி எச்சும் ஜேயும் வேலை செய்யும். டிஸ்கி குறியாக்கத்துக்கு விம்முடனேயே ஒரு தமிழ்க் கீமேப் வருகிறது. யூனிகோடுக்கு நாமே எழுதிக் கொள்ளலாம். வரிக்கு ஒன்றாக, எந்தக் கீக்கு எந்த எழுத்து என்று எழுதுவதுதான் வேலை. மினி புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிற இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இதை எடுத்துக் கொண்டால் மகிழ்வேன்.

மாணவர் பேரவைக்கும் ஒரு கோரிக்கை உண்டு. லேப் தேர்வில் கட்டளைப் பட்டியல் எழுதச் சொல்வதை விட்டுவிட்டு, தப்பும் தவறுமான ஒரு நாற்பது வரி ஃபைலைக் கொடுத்து, பத்து நிமிடத்தில், மவுஸ் தொடாமல் திருத்திக் காட்டு என்று சொல்லும்படி துறையிடம் பேச வேண்டும். அப்படி வந்தால் ஒரு மெஷினில் இருவர் உட்கார்ந்தாலும் இருவர் கையும் கீபோர்டுக்கு வந்தாக வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வைத்தால், வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் பழகிக் கொள்வார்கள். கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பலர் இருப்பதால் ஐந்தரைக்கு மேல் வேண்டாம்.

அது வரை, மூன்றாவது வரிசை மெஷின்களில் உட்காருபவர்கள் கவனத்துக்கு. அங்கே பாதிக் கீபோர்டில் எஸ்கேப் கீ வேலை செய்யாது. விம்முக்குள் போய்விட்டு வெளியே வர முடியாமல் சுவிட்சை அணைக்கிறீர்கள். வேண்டாம். கன்ட்ரோலைப் பிடித்துக் கொண்டு இடப்பக்கச் சதுர அடைப்புக் கீயை அழுத்துங்கள். ஆஸ்கியில் அந்த அடைப்பின் எண் 91. கன்ட்ரோல் சேர்ந்தால் 64 கழியும். மிச்சம் 27. எஸ்கேப்பின் எண்ணும் 27-தான்.